பீளை கட்டிய கண்



இந்த நாற்காலியில் எனக்கு முன் அமர்ந்தவர்களில் மூவர் என் ஆசிரியர்கள். அவர்களில் ஒருவர் இப்போது முன்வரிசையில் இருக்கிறார். என் முதல் கட்டுரையைச் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தவர். அவர் முன்னிலையில் தலைமையுரை ஆற்ற எழுந்து நிற்பது எனக்குப் பெரும் பேறு. மனதில் படபடப்பும் இருக்கிறது.

குடியிருப்புகளை ஒட்டி வாழும் காட்டுப் பறவைகளின் பாக்டீரியா நோய்கள் என்பது இந்த மாநாட்டின் பொருள். மாடப்புறாவின் கிளமிடியா, தோட்டத்துச் சிட்டுகளின் சால்மொனெல்லா, நீர்ப்பறவைகளின் பாஸ்டுரெல்லா, 2019-இல் சாம்பர் ஏரியில் பறவைகளைக் கொத்துக்கொத்தாகச் சாய்த்த பாட்டுலிசம் ஆகியவற்றின் அடிப்படைகளை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மூன்று நாள் அமர்வுகளில் ஒவ்வொன்றுக்கும் உரியவர்கள் பேசுவார்கள். எனக்குக் கிடைத்த நேரத்தை ஒரே ஒரு குருவிக்குக் கொடுக்க விரும்புகிறேன்.

அது அமெரிக்காவின் ஹவுஸ் ஃபின்ச். மேற்குப் பகுதிக்கு உரிய பறவை. கூண்டுப் பறவையாக விற்கப்பட்டு நியூயார்க் வரை வந்தது. அந்த விற்பனை சட்டவிரோதம் என்று நெருக்கடி வந்ததும், 1940-இல் லாங் ஐலண்டில் சில பறவைகளைத் திறந்துவிட்டார்கள். ஐம்பது ஆண்டுகளில் அவற்றின் சந்ததி கிழக்கு முழுவதும் பரவி, வீட்டு முற்றங்களில் விதை நிரப்பித் தொங்கவிடும் தீனிக் குழாய்களையே நம்பிப் பெருகியது. 1994-இன் தொடக்கத்தில் வாஷிங்டனை ஒட்டிய புறநகர்களில் தீனி வைப்பவர்கள் கண் வீங்கிய குருவிகளைப் பார்த்தார்கள். கிருமியைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது மைக்கோபிளாஸ்மா கேலிசெப்டிகம் என்று தெரிந்தது.

அந்தப் பெயர் நம் நாமக்கல் பண்ணைக்காரருக்கும் அந்நியமில்லை. அவர் அதை சி.ஆர்.டி. என்பார். கோழி மூச்சு இழுக்கும், தொண்டையில் கொரகொரவென்று சத்தம் வரும், முட்டை குறையும். அந்தக் கோழிக் கிருமியின் ஒரு வகைதான் குருவிக்குத் தாவியது. காட்டுப் பறவைதான் நமக்கும் நம் கோழிக்கும் நோய் கொண்டுவருகிறது என்று ஒவ்வொரு மாநாட்டிலும் கேட்கிறோம். இங்கே நோய் போன திசை நேர் எதிர். நம் அழைப்பிதழிலேயே ‘பறவைகள் பரப்பும் நோய்கள்’ என்று ஒரு அமர்வுக்குத் தலைப்பு இருக்கிறது. அமைப்பாளர்கள் தவறாக எண்ண வேண்டாம். அதை மாற்றும்படி இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

நான் அந்த நோயை முதலில் கண்டது அமெரிக்காவின் இத்தாக்கா நகரில், ஒரு குளிர்கால விடியலில், தங்கியிருந்த வீட்டின் சமையலறை ஜன்னல் வழியாக. மார்பு சிவந்த ஆண் குருவி. வலக் கண்ணின் இமைகள் தடித்து, பீளை காய்ந்து, சுற்றியிருந்த இறகுகள் ஒட்டிக் கிடந்தன. கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை அந்தக் கண்ணைத் தீனிக் குழாயின் ஓட்டை விளிம்பில் தேய்த்தது. ஏதோ நிழலாட, மற்றவை விருட்டென்று பறந்தன. இது மட்டும் அசையவில்லை. அது போனபின் பார்த்தேன், விளிம்பில் ஈரம் பளபளத்தது. ஐந்து நிமிடத்தில் ஒரு பெட்டை வந்து அதே ஓட்டைக்குள் தலையை நுழைத்தது.

செல்சுவர் இல்லாத கிருமி இது. பென்சிலினுக்குப் பிடிகொடுக்காது. ஆனால் உடலுக்கு வெளியே வந்துவிட்டால் பலவீனம். நேரம் ஆக ஆக வீரியம் குறைந்துகொண்டே போகும். அப்படிப்பட்ட கிருமிக்கு அந்த ஐந்து நிமிட இடைவெளி எவ்வளவு வசதி என்று நினைத்துப் பாருங்கள். காட்டில் புல்விதை தேடி அலையும் குருவிகள் ஒரே அங்குல இடத்தில் அடுத்தடுத்து மூக்கை வைப்பதில்லை. வர்ஜீனியாவில் அடெல்மன், ஹாலி முதலியோர் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. நோய் தொற்றுவதையும் பரப்புவதையும் தீர்மானித்தது எத்தனை குருவிகளோடு பழகியது என்பதைவிட, தீனிக் குழாயில் எவ்வளவு நேரம் செலவிட்டது என்பதே.

இனி நான் பல ஆண்டுகளாக வாதிட்டுவரும் விஷயத்துக்கு வருகிறேன்.

கிருமியும் பறவையும் பழகப் பழக நோய் தணிந்துவிடும் என்பது நம் வகுப்பறைகளில் இன்றும் சொல்லித்தரப்படுகிறது. நானே சொல்லித்தந்திருக்கிறேன். ஃபின்ச் குருவி அதை மறுத்துவிட்டது. ஹாலி குழுவினர் 2013-இல் காட்டியதைப் பாருங்கள்: கிழக்கில் ஆண்டுகள் செல்லச் செல்லக் கிருமியின் கடுமை கூடியது. மேற்குக் கரைக்கு முதலில் சென்று சேர்ந்த வகை சற்று மென்மையானது. அங்கும் சில ஆண்டுகளில் கடுமை ஏறியது. ஒரு முறை நடந்தால் தற்செயல் எனலாம். இரு கரையிலும் ஒரே போக்கு என்றால் காரணம் தேடியே ஆகவேண்டும்.

என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் இதற்கு முந்தைய கருத்தரங்கு ஒன்றில் வேறு விதமாக வாதிட்டார். தீனிக் குழாயிலிருந்து குருவிக்கு வருவது சிறிய அளவுக் கிருமிதான்; அதனால் வருவது லேசான நோய்; அது தடுப்பூசி போலாகிக் குருவியைக் காக்கும் என்றார். முன்பாதி உண்மை. 2007-இல் டோண்ட் குழுவினர் செய்த சோதனையில் குழாய் வழியே தொற்றிய நோய் லேசாகத்தான் இருந்தது. ஆனால் பின்பாதியில் நான் அவரோடு உடன்பட முடியாது. அரைகுறை எதிர்ப்பாற்றல் என்ன செய்யும் என்று 2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரை சொல்லிவிட்டது. முன்பே லேசாகத் தொற்றிய குருவியில் மென்மையான வகைக் கிருமி நிலைக்க முடியாமல் போகிறது. கடுமையான வகை அந்தத் தடையை மீறிப் பிழைக்கிறது. கடுமையான வகைக்குக் கிடைத்த அனுகூலம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நண்பர் தடுப்பூசி என்றது கடுமையான கிருமிக்கு வழிதிறந்து விடுகிறது.

இதோடு என் ஊகம் ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கண் மூடிய குருவி காட்டில் பட்டினியால் செத்திருக்கும். அத்தோடு அதன் கிருமியும் போயிருக்கும். குழாயடியில் அது தடவித் தடவியாவது தின்று இன்னும் பல நாள் உட்கார்ந்திருக்கிறது. பறவையை முடக்கும் கிருமிக்கு இயற்கை விதிக்கும் தண்டனையை நம் தீனி தள்ளுபடி செய்கிறது. அதனால் தீனியே வைக்கக் கூடாது என்று சொல்பவன் அல்ல நான். குழாய்களைத் தள்ளித் தள்ளித் தொங்கவிடலாம். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவைக்கலாம். கண் வீங்கிய குருவி தென்பட்டால் சில வாரம் எடுத்துவைக்கலாம். பறவைக்குச் சோறு வைக்கும் கையைத் தடுக்க எனக்கு மனம் வராது.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிந்தது? கார்னெல் பறவையியல் ஆய்வகம் 1994 நவம்பரில் ஒரு படிவம் அச்சிட்டுப் பொதுமக்களுக்கு அனுப்பியது. ஓய்வுபெற்றவர்களும் இல்லத்தரசிகளும் பள்ளிப் பிள்ளைகளும் ஜன்னலருகே உட்கார்ந்து நிரப்பினார்கள். கடிதமும் படிவமுமாக வந்து குவிந்தவற்றில்தான் நோய் மாநிலம் மாநிலமாக நகர்ந்தது தெரிந்தது. குருவிகளை எண்ணிவந்த வேறு பொதுமக்கள் பதிவேடுகளை வைத்துத்தான் ஹோகாச்காவும் டோண்டும் 2000-இல் அந்த முக்கியமான முடிவுக்கு வந்தார்கள். குருவிக் கூட்டம் எங்கு அடர்த்தியோ அங்கு சரிவும் அதிகம். கடைசியில் எல்லா இடத்திலும் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரே அளவில் வந்து நின்றது.

இதே வழியில், நம் மாநிலத்து மொட்டைமாடிகளில் கிளிக்கும் காக்கைக்கும் சோறு வைப்பவர்களின் குறிப்பேடுகளைத் திரட்டி நான் எழுதிய கட்டுரையை ஓர் ஆய்விதழ் திருப்பி அனுப்பியது. பயிற்சியற்றவர் பார்வை தரவாகாது என்பது மதிப்பீட்டாளர் குறிப்பு. அவர் யாரென்று எனக்குத் தெரியாது. இந்த அவையிலேயே இருக்கலாம். அவரிடம் பணிவாகக் கேட்கிறேன். வாரம் ஒரு முறை மாதிரி எடுக்கப் போகும் நாம், ஒரே மாடியில் தினமும் காலை அரை மணி நேரம் நிற்கும் ஒருவரைவிட அதிகம் பார்க்கிறோமா? ‘இன்று நோய்ப்பறவை இல்லை’ என்று அந்த மாடிக்காரர்கள் எழுதிய வரிகள்தான் எனக்குப் பெரும் செல்வமாகப் படுகின்றன. நோயற்ற நாட்களின் கணக்கு இல்லாமல் நோயின் விகிதத்தை எப்படிக் கணக்கிடுவது? செத்த பறவையை மட்டும் ஆய்வகத்துக்கு வாங்கும் நம்மிடம் அந்தக் கணக்கு இல்லவே இல்லை.

உங்கள் கோப்பின் கடைசித் தாளைப் பாருங்கள். ஒரு பக்கப் படிவம், தமிழில். இடம், நாள், வந்த பறவை, எண்ணிக்கை, கண், மூச்சு, எச்சம். ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’ என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். நாளை மறுநாள் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக முன்மொழிவேன். மறுப்பு இருப்பவர்கள் அதற்குள் வந்து என்னோடு பேசுங்கள். அரங்கின் வாசலிலேயே இருப்பேன். இப்போது முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.