சுற்றுப் பாவாடையும் சோழமண்டலப் பூக்களும்



இவ்விழாவிற்கு வந்திருக்கும் நம் பெண்மக்களுள் சிலர் பூப்போட்ட பருத்திச் சுற்றுப் பாவாடை உடுத்தியிருக்கின்றனர். "இது என்ன வெளிநாட்டு நாகரிகம்?" என்று மாதுங்காவிலும் செம்பூரிலும் முணுமுணுக்கும் பெரியோர் உண்டு. நாமும் முணுமுணுத்தவர்களே. ஆயினும் அப்பூக்களின் பிறப்பிடத்தை ஆராயப் புகுந்தால், கடிந்துகொண்ட நாமே நாண வேண்டியிருக்கிறது.

நம் பாட்டிமார் 'சீட்டி' என்று அழைத்த துணியையே ஆங்கிலேயர் 'சின்ட்ஸ்' என்றனர். பழவேற்காடு முதலிய சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து அது கப்பலேறிற்று. சாவகத்திலும் சுமத்திராவிலும் மக்கள் அதனை இடையிற் சுற்றி உடுத்தனர். ஐரோப்பியப் பெண்டிர் பாவாடையாகத் தைத்து அணிந்தனர். மோகம் மிகவே, தம் நாட்டு நெசவு நலியுமென்று அரசுகள் அஞ்சின. பிரான்சு 1686-இல் அத்துணிகளுக்குத் தடை விதித்தது. இங்கிலாந்து 1700-இல் உள்நாட்டு விற்பனைக்கு அவை வருவதைத் தடுத்தது. 1721-இல் உடுத்துவதையே தடைசெய்தது.

அத்துணியின் பெருமை யாது? வெளுக்க வெளுக்க நிறம் மங்காமையே. அதற்கெனப் பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்தினர். சிவக்க வேண்டிய இடங்களில் படிக்காரக் கரைசலால் வரைந்தனர். பின்னர்ச் சாயவேர் இட்ட நீரிற் கொதிக்கவைக்க, படிக்காரம் பட்ட இடம் மட்டும் சிவப்பை விடாது பற்றிக்கொண்டது. நீலத்திற்கு, மற்ற இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் அமிழ்த்தினர். நீலத்தின்மேல் மஞ்சளைத் தீட்டப் பச்சை பிறந்தது. அம்மஞ்சள் ஒன்றே நாளடைவில் மங்குவது. ஆதலின் பழந்துணிகளில் இலைகள் நீலமாகத் தோன்றுகின்றன.

இம்முறைகளை விரிவாக எழுதிவைத்தோருள் ஒருவர் யார்? கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார். சோழமண்டலக் கரையில் வாழ்ந்த அவர், சாயத்தொழிலாளரிடம் கேட்டறிந்து 1742-இல் தம் நாட்டிற்குக் கடிதம் விடுத்தார். நம் தொழிலாளரோ அதனைத் தந்தை கையிலிருந்து மைந்தன் கைக்கே தந்தனர். அவர்தம் பிழைப்பு அதிலன்றோ இருந்தது! பின்னர் ஆலைகளின் அச்சுத்துணி மலிந்தது. 1869 முதல் செயற்கைச் செஞ்சாயமும் விற்பனைக்கு வந்தது. சாயவேர் வழக்கொழிந்து, கைகளும் ஓய்ந்தன. இன்று நம் பாட்டன் தொழிலை அயலார் கடிதத்தில் நாம் படிக்கிறோம்.

அன்பர்களே, இஃது பழங்கதை மட்டுமன்று. துணிக்கு உதவிய அதே கடுக்காய் தோல் பதனிடவும் உதவுவது. தோல் பதனிட நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தோரின் வழித்தோன்றல்கள் நம்மிடையே உள்ளனர். அம்முதியோர் அறிந்தவற்றை நாம் கேட்டோமா? பாட்டியின் சீட்டிப் பாவாடையைக் கண்டிருக்கிறோம். அதில் சாயம் எவ்வாறு ஏறிற்று என்று ஒரு நாளும் கேட்டிலோம். கேட்க நினைத்தபோது பாட்டி இல்லை.

ஆகவே, ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு மலரில் பத்துப் பக்கங்களை ஒதுக்குவோம். நம் பிள்ளைகள் வீட்டு முதியோரிடம் சென்று, அவர் கைத்தொழிலைக் கேட்டுத் தமிழில் எழுதட்டும். பூப்போட்ட பாவாடை உடுத்திய பெண்மக்களே அப்பணியைத் தொடங்கட்டும்.