காட்டுவோரும் காட்டப்படுவோரும்
(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுவதே முறை. நானோ ஆவணப்படங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதுவும் கல்வியைப் பற்றிய பேச்சே என்பதை முடிவில் நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். எழுத்தறியாத நம் பாட்டன்மார் பத்திரத்தில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தனர். படத்தைப் படிக்க அறியாதவர் எதனை இழக்கிறார் என்பதே இன்று என் கேள்வி.

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் ஊர்க் கொட்டகையில் பெரிய படத்திற்கு முன்னர் செய்திப்படம் ஒன்று ஓடும். 1948இல் நடுவண் அரசு தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன் எடுத்த படங்கள் அவை. திரையரங்குகள் அவற்றைக் கட்டாயம் காட்டவேண்டும் என்பது அந்நாளைய விதி. அணைக்கட்டு வரும், உரமூட்டை வரும், ஏர் பிடித்த உழவர் வருவார். அவருடைய வாய் அசையும், குரல் கேட்காது. அவருக்காக வேறொருவர் கனத்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்.

பின்னர் ஊராட்சிக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. உள்ளே பாய் விரித்திருப்பார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் சன்னலுக்கு வெளியே நின்று பார்ப்போம். வரக்கூடாது என்று எவரும் சொன்னதில்லை. வா என்றும் எவரும் அழைத்ததில்லை. அந்தப் பெட்டியில் நாங்கள் கண்ட கிராமங்களில் கோயில் இருந்தது, குளம் இருந்தது, பசுமையான வயல் இருந்தது. எங்கள் சேரியைப் போன்ற ஒரு தெருவை நான் கண்டதாக நினைவில்லை. அது ஒரு குறை என்றுகூட அந்நாளில் எனக்குத் தோன்றவில்லை. இன்று எண்ணிப் பார்க்கையில் அதுவே என்னை வருத்துகிறது.

காட்டப்படும் ஏழை தானே பேசினால் போதுமா? 1935இல் இங்கிலாந்தில் 'ஹவுசிங் பிராப்ளம்ஸ்' என்றொரு படம் வெளிவந்தது. ஆர்தர் எல்டன், எட்கர் ஆன்ஸ்டி என்னும் இருவர் அதனை உருவாக்கினர். லண்டன் மாநகரின் ஸ்டெப்னி பகுதியில், இடிந்து சரியும் நிலையிலிருந்த வீடுகளுக்கே கருவிகளைக் கொண்டுசென்றனர். அங்கு வாழ்ந்த பெண்களும் ஆண்களும் எலித் தொல்லையையும் இட நெருக்கடியையும் தம் வாயாலேயே எடுத்துரைத்தனர். அக்காலத்திற்கு அது பெரும் புதுமை. ஆனால் அப்படத்திற்குப் பொருளுதவி செய்தது எரிவாயு விற்பனையாளர்களின் சங்கம். புதிய வீடுகள் எழுந்தால் எரிவாயு அடுப்புகளும் விற்பனையாகும். இந்நிலைக்குக் காரணமானவர் யார் என்ற கேள்விக்குள் படம் ஆழமாகப் புகவில்லை. பேசியவர்களுக்கும், தம் பேச்சில் எது நிற்கவேண்டும், எது நீங்கவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை இருக்கவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். உத்தரப்பிரதேசத்தின் தென்கோடியில் உள்ளது புந்தேல்கண்ட். வறட்சிக்கும் கல் குவாரிகளுக்கும் பெயர்போன பகுதி. அங்கே சித்திரகூட மாவட்டத்தில் 2002ஆம் ஆண்டு 'கபர் லஹரியா' என்னும் செய்தித்தாள் தொடங்கப்பெற்றது. செய்தி திரட்டியவர்களும் எழுதியவர்களும் பெண்கள். அவர்களுள் பெரும்பாலோர் தலித் பெண்கள். ஏட்டு மொழியில் எழுதாமல், மக்கள் பேசும் புந்தேலி மொழியிலேயே எழுதினர். 2009இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் எழுத்தறிவுப் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. பின்னாளில் அச்சை விடுத்துக் கைப்பேசிக்கு மாறி, படம்பிடித்துச் செய்தி வெளியிடலாயினர்.

இந்த மாற்றத்தை ரிந்து தாமஸ், சுஷ்மித் கோஷ் ஆகிய இருவர் 'ரைட்டிங் வித் ஃபயர்' என்னும் ஆவணப்படமாக எடுத்தனர். 2021இல் வெளிவந்த அப்படத்தை வாய்ப்புக் கிடைத்தால் தவறாது பாருங்கள். கைப்பேசியை இயக்க அஞ்சும் பெண் ஒருவர் மெல்ல மெல்லச் செய்தியாளராக வளர்வதைக் காண்பீர்கள். சட்டத்திற்கு மாறாக நிலத்தைத் தோண்டுவோரைப் பற்றி, ஆண்கள் சூழ்ந்து நிற்கும் இடத்தில் ஓர் இளம்பெண் அச்சமின்றி வினவுவதைக் காண்பீர்கள். காட்டையும் ஆற்றையும் பற்றிய படங்கள் பல, அங்கு வாழும் மனிதரை ஒதுக்கிவிட்டு அழகை மட்டும் காட்டும். இப்படத்தில் மண்ணின் கேடும் மனிதரின் கேடும் ஒருங்கே தெரிகின்றன. சண்டான்ஸ் விழாவில் இரு பரிசுகள் பெற்ற அப்படம், 2022இல் ஆஸ்கார் விருதுக்கும் முன்மொழியப்பட்டது.

அவ்வேளையில், 2022 மார்ச்சில், கபர் லஹரியா அறிக்கையொன்றை வெளியிட்டது. படம் உள்ளத்தைத் தொடுகிறது. ஆயினும், ஒரே கட்சியைப் பற்றிய செய்திகளே தங்கள் முதன்மைப் பணி என்பதுபோல் அது காட்டுவது தங்களின் முழுக்கதை ஆகாது என்பது அதன் சாரம். தோழர்களே, இந்நிகழ்ச்சியை ஆழ்ந்து எண்ணுங்கள். படம் பகைவர் எடுத்ததன்று, மதிப்போடு எடுக்கப்பட்டது. அப்படியிருந்தும், காட்டப்பட்டவர்கள் எழுந்து, எங்களைப் பற்றிய கணக்கில் பிழை உள்ளது என்றனர். ஸ்டெப்னி வீட்டு மக்களால் அவ்வாறு சொல்ல இயலவில்லை. இவர்களால் இயன்றதற்குக் காரணம், இவர்களுக்கெனச் சொந்தமாக ஒரு செய்தி நிறுவனமும், இருபதாண்டுப் பயிற்சியும் இருந்தமையே.

நம் முன்னோர் இதனை என்றோ அறிந்திருந்தனர். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். 1920இல் அண்ணல் அம்பேத்கர் மராத்தியில் 'மூக்நாயக்' வெளியிட்டார். அவர்கள் அச்சுப்பொறியைக் கைக்கொண்டது போன்றே நாம் இக்கருவியைக் கைக்கொள்ள வேண்டும்.

பிறர் எடுக்கும் படங்கள் வேண்டா என்பது என் கருத்தன்று. மனிதர் கையால் மலம் அள்ளுவதை 1993, 2013ஆம் ஆண்டுச் சட்டங்கள் தடைசெய்த பின்னரும் அது தமிழ்நாட்டில் தொடர்வதை, திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' படம் 2017இல் எல்லோரும் காணச் செய்தது. பல ஊர்களில் அதனைத் திரையிடத் தடை வந்தது. உண்மையைக் காட்டும் படத்திற்கு அத்தனை வலிமை உண்டு. ஆகவே நல்ல படங்களைத் தேடிப் பாருங்கள். பார்க்கும்போதே, பேசுபவர் யார், பொருள் தந்தவர் யார், விடுபட்ட தெரு எது என்று கேளுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இக்கழகத்தின் முதல் இரவுப் பள்ளியை அரிக்கேன் விளக்கில் நடத்திய பெரியவர்களுள் பலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்களுடைய குரல் ஒரு நிமிட அளவேனும் நம்மிடம் பதிவாகவில்லை. எஞ்சியிருப்போர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். இளைஞர்களே, உங்கள் ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. கிணறு எவ்வாறு கிடைத்தது, சுடுகாட்டுப் பாதைக்கு எத்தனை முறை மனுக் கொடுத்தோம், முதல் பட்டதாரிப் பெண் எவ்வாறு படித்தாள் என்று அவர்களைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். நாளையும் இடத்தையும் குறித்து வையுங்கள். எடுத்ததை முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். இதை நீக்கிவிடு தம்பி என்று அவர்கள் சொன்னால் மறுக்காமல் நீக்கிவிடுங்கள். நமக்குப் பிறர் அளிக்கத் தவறிய மரியாதையை நாமாவது நம்மவர்க்கு அளிப்போம்.

இப்பணியைக் கழகம் இவ்வாண்டே தொடங்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.