வெயிலை விற்கும் சங்கம்



குஜராத்தின் கேடா மாவட்டத்தில் டுண்டி என்று ஒரு சிற்றூர். 2016-இல் அந்த ஊர் விவசாயிகள் ஆறு பேர் சேர்ந்த ஒரு கூட்டுறவுச் சங்கம் இயங்கத் தொடங்கியது. சூரிய ஒளி பம்ப்செட் வைத்துப் பாசனம் செய்ய வேண்டும், மிஞ்சுகிற கரண்டை மின் நிறுவனத்துக்கு விற்க வேண்டும். சங்கத்தின் வேலை அவ்வளவுதான். ஆறு பேர் செய்ததில் பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இருக்கிறது.

சூரிய பம்ப்செட் என்றதும் நல்ல காரியம் என்று தலையாட்டிவிடுகிறோம். அதில் ஒரு வில்லங்கம் உண்டு. டீசல் எஞ்சின் வைத்திருப்பவர் ஒவ்வொரு லிட்டருக்கும் யோசிப்பார், பயிர் நனைந்ததும் நிறுத்திவிடுவார். வெயிலுக்கு விலை கிடையாது. காலை முதல் மாலை வரை மோட்டார் ஓடினாலும் செலவில்லை என்றால் யார் நிறுத்துவார்கள்? டீசல் புகையை ஒழித்த கையோடு நிலத்தடி நீரையும் ஒழித்துவிடுவோம்.

இதற்கு வழி தேடியவர்கள், கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனத்தார். துஷார் ஷா என்ற அறிஞர் அவர்களில் முக்கியமானவர். இறைக்காமல் விட்ட யூனிட்டுக்குக் காசு கொடுங்கள், விவசாயி தானே மோட்டாரை நிறுத்துவார் என்பது அவர்கள் கணக்கு. மின் நிறுவனம் யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு கொடுத்தது. தூய மின்சாரத்துக்காக 1 ரூபாய் 25 காசு, தண்ணீரை மிச்சம் பிடித்ததற்காக இன்னொரு 1 ரூபாய் 25 காசு என்று ஆய்வு நிறுவனம் மேலே போட்டுக் கொடுத்தது.

சங்கம் எதற்கு, ஆளுக்கு ஆள் விற்கக் கூடாதா என்றால், மின் நிறுவனம் வயல் வயலாகப் போய் மீட்டர் பார்த்துப் பில் போட முடியாது. டுண்டியில் எல்லார் கரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து, ஒரே மீட்டர் வழியாக வெளியே போனது. யார் எவ்வளவு கொடுத்தார் என்று உள்ளே பிரித்துக்கொள்வது சங்கத்தின் பாடு. காலையில் பால் சொசைட்டியில் நடக்கிற அதே ஏற்பாடுதான். 1946-இல் அமுல் பிறந்த வட்டாரம் அது. அந்தப் பக்கத்து மக்களுக்கு இதை விளக்கவே வேண்டியிருந்திருக்காது.

பேனல்களை உயரத் தூக்கி நிறுத்தினார்கள். கீழே கீரை, கேரட், பூண்டு என்று நிழலில் விளைவதைப் போட்டார்கள். மேலே வெயிலில் ஒரு வெள்ளாமை, மண்ணில் இன்னொன்று.

கரண்டுக்குக் கிடைத்த விலைக்குப் பதிலாக விவசாயிகளும் ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள். மானிய விலை மின் இணைப்பு 25 ஆண்டுகளுக்குக் கேட்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மின் நிறுவனமும் 25 ஆண்டுகளுக்கு வாங்குவதாக ஒப்பந்தம் போட்டது.

இதில் எல்லாருக்கும் நியாயம் கிடைத்ததா? பாதிதான் என்பேன். கிணறோ எஞ்சினோ இல்லாத சிறு விவசாயிகள் அதுவரை டீசல் எஞ்சின்காரரிடம் தண்ணீரை விலைக்கு வாங்கினார்கள். சூரிய பம்ப்செட்காரர்கள் அதைவிட மலிவாகக் கொடுத்தார்கள். அது நல்லதுதான். ஆனால் கரண்ட் விற்ற காசு பேனல் வைத்தவருக்கே போனது. கூலிக்குப் போகிறவருக்கு அதில் பங்கில்லை. தொடக்கச் செலவின் பெரும்பகுதியும் வெளியிலிருந்து வந்த பணம். ஆனாலும் பின்னால் சேர்ந்தவர்கள் முதல் ஆறு பேரைவிடக் கூடுதலாகப் பங்குத் தொகை போட்டுத்தான் சேர்ந்தார்கள். திட்டத்தின் மேல் ஊருக்கு வந்த நம்பிக்கைக்கு இதையே சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன்; மானியக் கணக்கை வைத்து அதை அளக்க முடியாது.

நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்ப்செட்டுகள் இலவச மின்சாரத்தில் ஓடுகின்றன. மீட்டர் என்றாலே விவசாயி முகம் சுளிப்பார். அதில் தப்பே இல்லை. 1970-களில் நாராயணசாமி நாயுடு தலைமையில், மின் கட்டணத்தை எதிர்த்து மாட்டு வண்டிகளோடு கோவைக்குள் புகுந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். அந்தப் போராட்டங்களில் உயிரும் போயிருக்கிறது. இவர்களிடம் போய் மிச்சம் பிடியுங்கள், சங்கமாகச் சேருங்கள் என்று சொன்னால், இலவச மின்சாரம் பறிபோகுமா என்ற கேள்விதான் முதலில் வரும். மிஞ்சிய யூனிட்டுக்கு என்ன விலை, எத்தனை ஆண்டுக்கு, காசு எந்தத் தேதியில் கைக்கு வரும் என்பதை எழுத்தில் வைத்துக்கொண்டுதான் இவர்கள் கூட்டத்துக்குள் போக வேண்டும்.