உடன் நின்றார் விடுதலையும் எஞ்சியோர் வழக்கும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வக்கீல்கள் பேசுதற்குரிய பொருளை இலக்கணம் கற்பிக்கும் யாம் எடுத்துக்கொண்டது ஏன் என்று உங்களிற் சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், வாய்க்கால் வரப்புச் சச்சரவொன்றில் ஐவருள் ஒருவராகப் பெயர் எழுதப்பெற்றார். சில திங்களில் பிழைப்பின் பொருட்டு வளைகுடா நாடு சென்றார். ஏனைய நால்வரும் விசாரணைக்கு நின்று விடுதலை எய்தினர். இவர் வாராமையால் இவர் வழக்கு தனியே பிரிக்கப்பட்டுப் பிடிவாரண்டோடு கிடந்தது. “அவர்கள் விடுதலையானபின் நமக்கென்ன அச்சம்?” என்று இவரும் இவர் அன்னையாரும் வாளாவிருந்தனர். ஒன்பது ஆண்டு கழித்துத் தங்கையின் திருமணத்திற்கு வந்திறங்கியபோது விமான நிலையத்திலேயே தடுக்கப்பட்டார். மணப்பந்தலில் தமையன் நிற்கவேண்டிய இடம் வெறிதாயிற்று.

இவர்தம் எண்ணம் பிழையாயினமை எங்ஙனம்? கோவலன் ஆராயப்படாது கொலையுண்ட வரலாற்றை யாம் ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பிக்கின்றோம். தண்டிக்குமுன் ஆராய்தல் வேண்டும் என்பது அதன் படிப்பினை. விடுவிக்குமுன்னும் ஆராய்தல் வேண்டும் என்பது சட்டத்தின் கருத்து. ஒவ்வொருவர் வழக்கும் அவரவர்க்கு எதிராக அவரவர் விசாரணையில் வைக்கப்படும் சாட்சியம் கொண்டே நிறுக்கப்படும். நால்வர் விசாரணையிற் பிறழ்ந்து கூறிய சாட்சி, ஐந்தாமவர் விசாரணையில் உண்மை கூறவும் கூடும். ஆதலின், தனியே நடந்த விசாரணையில் உடன் குற்றஞ்சாட்டப்பட்டார் பெற்ற விடுதலை, பின்னர் விசாரிக்கப்படுவார்க்குத் தானே பயன்படாது என்று பீகாரிலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2005-ஆம் ஆண்டில் முடிவு கூறிற்று. கேரள உயர் நீதிமன்றத்தின் முழு ஆயமும் அக்காலத்தை அடுத்து இக்கருத்தையே வலியுறுத்தியது. விசாரணைக்கு வாராது மறைந்திருந்தவர், நின்று வழக்காடினார் பெற்ற பயனை வருத்தமின்றிக் கேட்டல் முறையன்று.

ஆயினும் இவ்விதிக்கு விலக்கும் உண்டு. நம்மனோர் அறியவேண்டுவதும் அதுவே. முன்னைய தீர்ப்பினால் வழக்கின் அடித்தளமே தகர்ந்துவிட்டதாயின், எஞ்சியவரை மீண்டும் விசாரித்தல் வீண்பாடு என்று உயர் நீதிமன்றம் கருதி அதனை நீக்கலாம். சான்றாக, சதி என்பது இருவர்க்குக் குறையாது கூடிச் செய்வது. பெயர் குறித்த சிலர் மட்டுமே சதி செய்தனர் எனச் சாட்டி, ஒருவரொழிந்த ஏனையோர் யாவரும் விடுவிக்கப்பட்டால், எஞ்சிய அவ்வொருவரைச் சதிக்காகத் தண்டித்தல் இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1955-ஆம் ஆண்டிலேயே கூறியுளது. 2023-ஆம் ஆண்டில், குஜராத்திலிருந்து வந்த மேல்முறையீட்டில், ஒரே சாட்சிகள் ஒரே தன்மையான செயலைப் பலர்மேல் கூறியிருக்க, ஒருவரை விடுத்து மற்றொருவரைத் தண்டித்தல் ஒவ்வாது என்றும் அந்நீதிமன்றம் தெளிவுறுத்தியது.

ஆகவே முதற்கண் செய்யத்தக்கது முன்னைய தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பெற்று ஊன்றிப் படித்தலாம். விடுதலை என்னும் சொல்லை மட்டும் கண்டு மகிழற்க. அதன் காரணத்தைக் காண்க. நால்வர் இன்னார் என அடையாளங் காட்டப்படாமையால் விடுவிக்கப்பட்டனரா? அன்றி, சொல்லப்பட்ட நிகழ்ச்சியே நிகழ்ந்ததன்று என நீதிபதி கண்டனரா? முன்னதாயின் நும் வழக்கு உயிரோடிருத்தல் கூடும். பின்னதாயின் நும் கட்சி வலிது. முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலம் ஆகியவற்றையும் உடன் சேர்க்க.

அடுத்து, மறைந்திராது நீதிமன்றத்தின் முன் நின்று வாரண்டை நீக்கிக்கொண்டு ஜாமீன் பெறுக. அதன்பின் உயர் நீதிமன்றத்தில் வழக்கை நீக்குமாறு மனுச் செய்யலாம். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482-ஆம் பிரிவாயிருந்த இவ்வதிகாரம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையில் 528-ஆம் பிரிவாக உளது. நீதிமன்றம் அதனை அரிதினே கையாளும். மனு தள்ளுண்டாலும் விசாரணை நீதிமன்றத்தில் வழக்காடும் உரிமை அழியாது. பொருளில்லை என்று அஞ்சற்க. பெண்டிர்க்கும் காவலில் உள்ளார்க்கும் வறியோர்க்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீலைக் கட்டணமின்றி அமர்த்தித் தரும்.

எம் மாணவர் இந்நெறியே சென்றார். வரப்பிற் கைகலப்பே நிகழவில்லை என்று முறையிட்டவரே கூறியதைப் பழைய தீர்ப்பு பதிந்திருந்தது. அதனைக் கண்ட உயர் நீதிமன்றம் வழக்கை நீக்கியது. ஒன்பது ஆண்டின் முன்னரே அந்நகலை எடுத்துப் படித்திருப்பின் தங்கையின் மணத்தன்று தமையன் அருகிருந்திருப்பார். வழக்கு நீங்கிற்று, தவறிய முகூர்த்தம் மீளவில்லை.

அன்பர்களே, இன்று இல்லம் புகுந்ததும், நும் மக்களுள் எவர்பேரிலேனும் இவ்வாறு பிரிந்து கிடக்கும் வழக்குண்டா என்று வினவியறிமின். உண்டாயின், அடுத்த நல்ல நாளை எதிர்பாராது நாளையே நகலுக்கு எழுதுமின்.