பழசை விடலாம், மனுஷங்களை விடலாமா?

(பழைய கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் கம்பெனிகள் பராமரிப்பை நிறுத்துவது நியாயமா? ‘நியாயமே’ அணியில் திருவண்ணாமலைப் பெண்மணி ஒருவர் பேசியது)

நான் திருவண்ணாமலையில், பெரிய கோயிலுக்குப் பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துறேன்.

எதிரணி நண்பர் ஆவேசமா கேட்டார்: “நல்லா ஓடுற கம்ப்யூட்டரை ஏன்யா சாகடிக்கிறீங்க?” ஐயா, பராமரிப்பை நிறுத்துறதுன்னா மெஷினை உடைக்கிறது இல்லை. “இனிமே இதுல ஓட்டை விழுந்தா நாங்க அடைக்க மாட்டோம்”னு சொல்றது. அவ்வளவுதான்.

விண்டோஸ் எக்ஸ்பி 2001-ல் வந்தது. 2014 ஏப்ரல் 8-ந் தேதியோடு பராமரிப்பு நின்றது. பன்னிரண்டரை வருஷம்! ஒண்ணாங்கிளாசில் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ முடிச்சு வெளியே வர்ற காலம். இதுக்கு மேலயுமா சுமக்கணும்? (கைதட்டல்)

சுமந்தா என்ன ஆகும்? 2017 மே மாசம் ‘வான்னாகிரை’ங்கிற வைரஸ் சுமார் 150 நாடுகளில் பரவியது. இங்கிலாந்து அரசு ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஓட்டையை அடைக்கும் மருந்து, பராமரிப்பில் இருந்த விண்டோஸுக்கு மார்ச்சிலேயே வந்தாச்சு. எக்ஸ்பிக்கு? வைரஸ் வந்து அடிச்ச பிறகுதான் எல்லாருக்கும் கொடுத்தார்கள். பூட்டில்லாத வீட்டுல நகையை வச்சுக்கிட்டு, “வீடு நல்லாத்தானே இருக்கு”ன்னா எப்படி ஐயா? (சிரிப்பு)

சரி, எப்போ நிறுத்தணும்? 2013-ல் வந்த ஆண்ட்ராய்டு கிட்கேட்டுக்கு 2023-ல் கூகுள் ஆதரவை நிறுத்தியது. அதை வச்சிருக்கிறவங்க ஒரு சதவீதத்துக்கும் கீழேன்னு கணக்கு சொன்னாங்க. கணக்கு சரிதான். ஆனா அந்த ஒரு சதவீதத்துல யார் இருக்காங்க?

என் கடைக்கு ஒரு பூக்கார அம்மா வந்தாங்க. கையில மகன் போட்டுட்டுப் போன பழைய போன். “கண்ணு, நேத்து வரைக்கும் பேங்கு ஆப்பு தொறந்துச்சு, இன்னிக்குத் தொறக்கலியே.” விஷயத்தைச் சொன்னேன். அவங்க அழலை, கோபப்படலை. “முன்னாடியே எனக்குப் புரியுற மாதிரி யாராச்சும் சொல்லியிருக்கலாம் இல்ல?”ன்னு மட்டும் கேட்டாங்க. (அரங்கில் அமைதி)

அங்கதான் ஐயா நியாயம் இருக்கு. நிறுத்துங்க. ஆனா தேதியை முன்கூட்டி, எங்க பாஷையில சொல்லுங்க.

தேதி மட்டும் போதுமா? போதாது. எக்ஸ்பிக்கு வருஷக்கணக்கா முன்னாடியே தேதி சொன்னாங்க. அப்படியும் நம்ம நாட்டு ஏ.டி.எம். பல அதுலயே ஓடிச்சு. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி படி போட்டுக் கொடுத்தது: செப்டம்பருக்குள் கால்வாசி, டிசம்பருக்குள் பாதி, 2019 மார்ச்சுக்குள் முக்கால்வாசி, ஜூனுக்குள் முழுசும். இப்படிப் படி வேணும்.

மாறிப் போக வழியும் வேணும். 2014-ல் எக்ஸ்பி நின்னப்போ, தமிழக அரசு தன் துறைகளுக்கு நம்ம நாட்டு ‘பாஸ்’ லினக்ஸைச் சிபாரிசு செய்தது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு வழக்கமான பராமரிப்பு நின்றது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கம்ப்யூட்டரைக் குப்பையில போடணுமா? வேண்டாம். லினக்ஸ் போட்டா இன்னும் பல வருஷம் உழைக்கும்.

எங்க ஊர் கிரிவலம் 14 கிலோமீட்டர். பௌர்ணமி அன்னிக்கு முன்னாடி போற கூட்டம் நின்னா பின்னாடி நெரிசல். நடந்துதான் ஆகணும். ஆனா வழியில தண்ணீர்ப் பந்தல் இருக்கும், உட்காரத் திண்ணை இருக்கும், கைபிடிச்சுக் கூட்டிப்போக ஆள் இருக்கும்.

கம்பெனிக்காரங்களே, பழசை விடுங்க. பழசை வச்சிருக்கிற மனுஷங்களை விட்டுடாதீங்க! (பலத்த கைதட்டல்)