பிக்கப் வண்டிக்குப் புதிய பிறேக் பேட் தெரிதல்



நுவரெலியா 6,000 அடிக்கு மேல் உயர்ந்த இடம். அங்கிருந்து மரக்கறி ஏற்றி, றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் பிக்கப் வண்டியில் பிறேக்குக்கு ஓயாத வேலையுண்டு. உராய்வினால் பேட் சூடேறும். சூடு அளவுக்கு மிஞ்சினால் பிடி தளரும். ஆகவே, புதிய பேட் வாங்குவோர் விலையை மட்டும் நோக்காது, அது சூட்டிலும் பிடிக்குமா என்பதையே முதலில் நோக்குதல் வேண்டும்.

இதனை அறிய வழியுண்டு. பல பேட்களின் ஓரத்தில் ஈரெழுத்துக் குறி ஒன்று காணப்படும். முதலெழுத்து குறைந்த சூட்டிலும், இரண்டாம் எழுத்து மிகுந்த சூட்டிலும் உள்ள உராய்வைக் குறிக்கும். 'ஈ' என்பது 0.25 முதல் 0.35 வரை, 'எப்' என்பது 0.35 முதல் 0.45 வரை. முதலெழுத்திலும் இரண்டாம் எழுத்துத் தாழ்ந்திருப்பின், சூட்டில் பிடி குறையுமென அறிக.

உங்கள் வண்டிக்கென விதிக்கப்பட்ட அளவையே கேட்டு வாங்குக. உலோகத்தூள் கலந்த பேட் சூட்டை நன்கு தாங்குவதால் பாரம் ஏற்றுவோர்க்கு ஏற்றது. எனினும், டிஸ்க் தட்டைச் சற்று விரைவாகத் தேய்க்கும். கல்நார் கலந்ததை விலக்குக. அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

உராயும் பகுதி 3 மில்லிமீற்றராகத் தேய்ந்ததும், ஒரே அச்சின் இரு சில்லுகளுக்கும் சேர்த்தே மாற்றுக. ஒருபுறம் மட்டும் மாற்றினால் பிறேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

நல்ல பேட் பூட்டினும் இறக்கத்தில் தாழ்ந்த கியரிலேயே செல்லுக. விளைவித்தவரும் விளைவும் சந்தை சேர்ந்தாலன்றி, பேட்டில் மிச்சம் பிடித்த பணத்தாற் பயனில்லை.