செவிவழி வளரும் நூலறிவு



குமரி மாவட்டத்துச் சிதறால் மலைக்குத் திருச்சாரணத்துமலை என்பது பழம்பெயர். அங்குள்ள 9ஆம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலக் கல்வெட்டுகள் குரத்தியரைக் குறிப்பிடுகின்றன. குரத்தியர் என்போர் சமணப் பெண்ணாசிரியர். அத்தகைய மரபில் வந்த இல்லங்களில் இன்று ஒரு குறை தென்படுகிறது. ஆங்கிலவழியில் பயிலும் குழந்தைகள் பலர் தமிழை நன்கு பேசுகின்றனர். தமிழ் நூலைக் கையில் எடுக்கத் தயங்குகின்றனர். இந்நிலை நீடிப்பின், நாலடியாரும் சீவகசிந்தாமணியும் அலமாரியில் இருந்தும் பயனற்றுப் போகும்.

இக்குறைக்கு மருந்தும் இம்மண்ணிலேயே உண்டு. நாஞ்சில் நாட்டுத் தேரூரில் 1876இல் பிறந்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. அக்காலத்தில் அவ்வூர் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தமையால், பள்ளியில் அவர் பயின்றது மலையாளம். தமிழையோ சாந்தலிங்கத் தம்பிரானிடம் கற்றார். பள்ளி தாராத தமிழை ஊரார் ஒருவர் தந்தார்.

பின்னாளில் ஆசிரியராய் விளங்கிய கவிமணி பசுவையும் கன்றையும், காக்கையையும் கோழியையும் குழந்தைப் பாடலாக்கினார். நாள்தோறும் காணும் பொருள், நாவில் எளிதாய்ப் புரளும் சொல், கைதட்டிப் பாடத்தக்க தாளம் ஆகியன அவற்றில் பொருந்தியுள்ளன. அத்தகைய பாடலைப் பலமுறை கேட்டு மனத்திற்கொண்ட குழந்தைக்கு, அதனை அச்சில் காணும்போது எழுத்துப் புதிதாகத் தோன்றுவதில்லை. செவி முன்பே அறிந்த சொல்லைக் கண் இனங்கண்டு கொள்கிறது.

சமண மரபு இவ்வுண்மையை நன்குணர்ந்தது. சுருதம் என்னும் சொல்லுக்கே 'கேட்கப்பட்டது' என்பது பொருள். தரசேனாசாரியார் வாய்மொழியாய் உணர்த்தியதைக் கேட்ட புட்பதந்தரும் பூதபலியும் அதனை நூலாக்கினர். அந்நாளையே சுருதபஞ்சமியாகப் போற்றுகிறோம்.

இல்லறத்தாரும் இவ்வழியைக் காத்தனர். உ.வே. சாமிநாதையர் கும்பகோணத்தில் சிந்தாமணியை ஆராய்ந்தபோது, அங்குள்ள சமணர் இல்லமொன்றில் அந்நூலைப் பல மாதங்களாக முறையாகப் படித்துக் கேட்டு வந்தமை கண்டு வியந்தார். அவர்களிடம் ஐயம் தெளிந்தே 1887இல் அதனைப் பதிப்பித்தார். குடும்பத்தார் கூடிப் படித்துக் கேட்ட பழக்கமே அந்நூலின் பொருளைக் காத்தது.

ஆதலால், ஒவ்வோர் இல்லத்திலும் இரவு உறங்குமுன் கால்மணி நேரம் ஒதுக்குதல் வேண்டும். தாத்தாவோ பாட்டியோ குழந்தையை அருகிருத்தி, வரியின்கீழ் விரல்வைத்து உரக்கப் படிக்கட்டும். நூலைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். நேற்றுப் படித்த கதையையே இன்றும் கேட்டால் சலியாது படிக்க வேண்டும். மறுமுறை கேட்கும்போதுதான் குழந்தை அடுத்த சொல்லை முந்திக்கொண்டு கூறும். பிழைபடக் கூறினால் கடிந்துரையாது, சரியான சொல்லை மெல்லச் சொல்லிக் கதையைத் தொடர்வதே நன்று. கதை முடிந்தபின் வினாத் தொடுத்துச் சோதித்தால், நூல் தேர்வுத்தாளாகிவிடும். வேலைக்குச் சென்று களைத்துத் திரும்பும் பெற்றோரும் விடுமுறை நாளிலேனும் இப்பணியில் பங்குகொள்ளலாம்.

உணவு, அபயம், மருந்து, சாஸ்திரம் என்னும் நால்வகைத் தானங்களை நம் முன்னோர் வகுத்தனர். சாஸ்திரதானம் செய்ய ஏடு எழுதுவித்து வழங்கிய காலம் இருந்தது. இன்று நூல்கள் எளிதில் கிடைக்கின்றன. படித்துக்காட்டும் குரலே அரிதாயிற்று. இத்திருவிழா முடிந்து இல்லம் திரும்பும் ஒவ்வொருவரும் இன்றிரவே ஒரு குழந்தைக்கு ஒரு பக்கமேனும் படித்துக்காட்டி, அத்தானத்தைத் தொடங்குவாராக.